சாது மீன் என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்!

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான். சாது மீன் என்று சொன்னார்கள், நம்பி ஒரே தொட்டியில் விட்டேன், இப்போது ஒன்றை ஒன்று கடிக்கிறது, காணாமல் போகிறது, சாகிறது. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பல வகை நன்னீர் மீன்களைச் சேர்த்து வளர்ப்பது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டடித் தொட்டியில் 10 நியான் டெட்ராவும் 2 ஏஞ்சலும் விட்டேன். ஐந்து மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. கடைசி மூன்று வாரத்தில் நியான் ஒவ்வொன்றாகக் குறைந்து இப்போது 3 தான் இருக்கின்றன. செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மூடி இருப்பதால் வெளியே குதிக்கவும் வழியில்லை. எங்கே போயின?

பதில்: ஏஞ்சலின் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து மாதம் அமைதி, பிறகு ஒவ்வொன்றாகக் குறைவது என்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நீங்கள் வாங்கும்போது ஏஞ்சல் ஒரு நாணயம் அளவுக்கு இருந்திருக்கும். அது சிக்லிட் குடும்பத்து மீன், நன்றாகத் தின்று வளர்ந்தால் உடல் மட்டுமே 15 செ.மீ. வரை போகும், மேலும் கீழும் நீளும் துடுப்புகளைச் சேர்த்தால் உயரம் அதைவிட அதிகம். நியானோ முழுதாக வளர்ந்தும் 3, 4 செ.மீ. தாண்டாது, உடம்பும் ஒல்லி. இரண்டுமே அமேசான் நதிப்படுகையில் இருந்து வந்தவை, அங்கே ஏஞ்சலின் சாப்பாட்டில் சின்ன மீன்களும் உண்டு. அப்புறம் தொட்டிக்குள் மட்டும் அது எப்படி விட்டுவைக்கும்?

எனக்கும் இது நடந்தது. ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டால் பெரிய ஏஞ்சல் மட்டும் மூலையில் அசையாமல் நிற்கிறது, தீனி போட்டும் வரவில்லை, வயிறு ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருந்தேன். யதேச்சையாக நியான்களை எண்ணிப் பார்த்தபோதுதான் இரண்டு குறைவது தெரிந்தது. பிறகு நாலைந்து நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். நியான் ராத்திரியில் நிறம் மங்கிவிடும், அந்த நீலக் கோடே இருக்காது, விளக்கு போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பி வரும். அந்தச் சில நிமிடம் அது மந்தமாக ஒரே இடத்தில் நிற்கும். ஏஞ்சல் அதற்குள் விழித்துக்கொண்டு, துடுப்பைக்கூட ஆட்டாமல் பின்னாலேயே மெதுவாக நகர்ந்து வருகிறது. பகலில் அதே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நீந்தும்.

இப்போது செய்ய வேண்டியது: ஏஞ்சல்களை இன்றே பிரித்துவிடுங்கள். இரண்டடித் தொட்டி அவற்றுக்கு எப்படியும் போதாது, தண்ணீர் ஆழமே 45 செ.மீ. வேண்டும். இரண்டும் ஜோடி சேர்ந்து முட்டை வைக்க ஆரம்பித்தால் தொட்டியில் பாதியைத் தங்களுடையதாக்கிக்கொண்டு மற்றவர்களை மூலைக்கு விரட்டும். ஏஞ்சலைத்தான் வைத்திருக்க ஆசை என்றால் பெரிய தொட்டியில் வாய்க்குள் போகாத உடல்வாகு உள்ள மீன்களோடு வையுங்கள்: வளர்ந்த டைமண்ட் டெட்ரா, அடியில் வாழும் சின்னக் கெளுத்தியான கோரிடோரஸ், பாசி தின்னும் பிரிஸில்நோஸ். மீதமுள்ள 3 நியானுக்குத் துணையாக இன்னும் ஏழெட்டு வாங்கி விடுங்கள், மூன்றாக நின்றால் பயத்திலேயே இளைத்துப்போகும்.

இதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கடையில் மீனைப் பார்த்து 'இது சாதுவா?' என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், அந்தக் குட்டி வயதில் அது உண்மையும்கூட. வளர்ந்தால் எத்தனை செ.மீ. வரும், எத்தனை பேர் கூட்டமாக இருந்தால் நிம்மதியாக இருக்கும், தொட்டியின் எந்த மட்டத்தில் நீந்தும் என்று கேளுங்கள். விரல் நீளத்தில் விற்கும் பாலா ஷார்க் 30 செ.மீ. வரும். பங்காசியஸ் வகை ஷார்க் ஒரு மீட்டரையும் தாண்டும். இரண்டுமே முரட்டு மீன் கிடையாது, ஆனாலும் வீட்டுத் தொட்டிக்குப் பொருந்தாது.

கேள்வி: 3 டைகர் பார்ப், 6 கப்பி. கப்பியின் வால் எல்லாம் நார் நாராகக் கிழிந்திருக்கிறது. டைகர் பார்ப்பைக் கூட்டமாக வைத்தால் கடிக்காது என்கிறார்களே, இன்னும் வாங்கி விடலாமா?

பதில்: பாதி உண்மை. டைகர் பார்ப்புக்குள் எப்போதும் யார் பெரியவன் என்ற போட்டி நடந்துகொண்டே இருக்கும், அந்தத் துரத்தலும் செல்லக் கடியும் அவற்றின் அன்றாடம். 8, 10 இருந்தால் அது எல்லோருக்கும் பிரிந்து போகும், யாருக்கும் பெரிய காயம் வராது. மூன்றே மூன்று இருந்தால் இளைத்தது ஒன்று மொத்த அடியையும் வாங்கும், மிச்ச வேகம் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வாலின் மேல் திரும்பும்.

ஆனால் பத்து இருந்தாலும் கப்பியோடு வைக்காதீர்கள். ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி என்று தொங்கும் துடுப்பு உள்ள எதனோடும் வேண்டாம். மெதுவாக நீந்தும் நீளமான வால் அவற்றுக்குச் சும்மா விட முடியாத பொருள். டைகர் பார்ப்புக்கு மூன்றடித் தொட்டி, கூட வேகமாக நீந்தும் மீன்கள், அதுதான் சரி. கப்பியின் கிழிந்த வால் வளரும். தண்ணீரைச் சுத்தமாக வைத்திருங்கள், கிழிந்த ஓரத்தில் பஞ்சு மாதிரி வெள்ளையாக எதுவும் படர்ந்தால் மட்டும் மருந்து.

பார்ப் வகையே பிடிக்கும் என்றால் செர்ரி பார்ப் இருக்கிறது. இலங்கையின் நிழலான ஓடைகளில் வாழும் மீன், 5 செ.மீ. தான் வளரும், ஆண் முழுச் சிவப்பாக மாறும். யாரையும் தொந்தரவு செய்யாது. இதை ஏன் அதிகம் பேர் வாங்குவதில்லை என்று எனக்கு ஆதங்கமே உண்டு. விற்பனைத் தொட்டியில் பயந்து வெளிறிப்போய் நிற்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை, செடி வைத்த தொட்டியில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

கூட்டம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லா மீனையும் ஜோடி ஜோடியாக வாங்கும் வழக்கத்தை விடுங்கள். இரண்டு நியான், இரண்டு சீப்ரா, இரண்டு ரஸ்போரா, இரண்டு செர்ரி என்று எட்டு மீன் வாங்கினால் எட்டும் தனிமையில் இருக்கும். கூட்டத்தில் வாழும் மீனுக்கு 6 என்பது குறைந்தபட்சம், 10 இருந்தால்தான் அதன் இயல்பான நடத்தையே வெளியே வரும். பன்னிரண்டு ஹார்லிக்வின் ரஸ்போரா ஒன்றாகத் திரும்பும்போது அந்தக் கறுப்பு முக்கோணம் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் திரும்பும். எத்தனை வகை கலந்து வைத்தாலும் அந்த அழகு கிடைக்காது.

கேள்வி: புதிதாக இரண்டடித் தொட்டி வாங்கியிருக்கிறோம். என்னென்ன மீன், எத்தனை விடலாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

பதில்: 24 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம் என்றால் கணக்குப்படி சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக நிற்கும் தண்ணீர் 45 லிட்டர்தான். அதை வைத்து யோசிக்க வேண்டும்.

நான் வைப்பதாக இருந்தால்: நடுமட்டத்துக்கு 10 ஹார்லிக்வின் ரஸ்போரா அல்லது 10 எம்பர் டெட்ரா, இரண்டில் ஒன்று. அடிமட்டத்துக்கு 6 பாண்டா கோரிடோரஸ். மேல்பக்கம் உலாவ ஒரே ஒரு தேன் கௌராமி. அவ்வளவுதான், நல்ல ஃபில்டர் இருந்தால்கூட இதற்கு மேல் வேண்டாம். வெப்பநிலை 24 முதல் 26 டிகிரிக்குள் இருந்தால் எல்லாருக்கும் ஒத்துப்போகும். கொஞ்சம் செடியும், ஒளிந்துகொள்ள ஒரு மரத்துண்டும் அவசியம், ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் தைரியமாக வெளியே வரும்.

உங்கள் தண்ணீர் உப்புச்சத்து மிகுந்த கடினத் தண்ணீரா? அப்படியானால் டெட்ராவோடு மல்லுக்கட்டாமல் கப்பி, பிளாட்டி பக்கம் போங்கள், அவற்றுக்கு அதுதான் பிடிக்கும். குட்டி பெருகக் கூடாது என்றால் ஆண் கப்பி மட்டும் வாங்குங்கள். பெண் மட்டும் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஒரு முறை சேர்ந்த பெண் கப்பி விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேண்டும் என்றால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், இல்லாவிட்டால் ஒரே பெண்ணை நாள் முழுக்கத் துரத்திக் களைப்பிலேயே சாகடித்துவிடும்.

கேள்வி: ஃபைட்டர் மீனை மற்ற மீன்களோடு விடலாமா?

பதில்: தனியாக வைப்பதே நல்லது. தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்று பொறுக்கி வளர்த்த இனம் அது. ஆண் ஃபைட்டர் இரண்டு ஒரே தொட்டியில் கூடவே கூடாது, கப்பியின் வண்ண வாலைப் பார்த்தாலும் இன்னொரு ஆண் என்று நினைத்துப் பாயும். செடி அடர்ந்த தொட்டியில் கோரிடோரஸோடு ஒத்துப்போகும் ஃபைட்டர்களும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றின் குணமும் ஒவ்வொரு மாதிரி. முயன்று பார்ப்பதாக இருந்தால் பிரித்து வைக்க இன்னொரு தொட்டி தயாராக இருக்கட்டும்.

கேள்வி: தங்கமீனோடு நியான்?

பதில்: வேண்டாம். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கழிவு ஏராளம், வளர்ந்த பிறகு நியான் அதற்கு ஒரு வாய்.

கேள்வி: டேங்க் கிளீனர் என்று வாங்கிய சக்கர் மீன் ஓரடி வளர்ந்துவிட்டது, செடியையெல்லாம் பிடுங்கிப் போடுகிறது. அதைக் குளத்தில் விட்டுவிட்டு கோரிடோரஸ் வாங்கினால் அவை அடியில் உள்ள கழிவைத் தின்றுவிடுமா? அவை அடிக்கடி மேலே பாய்ந்து வருமாமே, அது நோயா?

பதில்: முதலில், குளத்தில் விடாதீர்கள். ஆற்றிலும் ஏரியிலும் வேண்டாம். அந்தச் சக்கர் தென் அமெரிக்க மீன், இப்படி வீட்டிலிருந்தும் பண்ணையிலிருந்தும் தப்பிப் போனவை பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகிக் கரையைக் குடைந்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். பாசி தின்ன ஒரு மீன் வேண்டும் என்றால் பிரிஸில்நோஸ் வாங்குங்கள், 12, 15 செ.மீ.க்குள் நின்றுவிடும். கடிக்க ஒரு மரத்துண்டும் வெள்ளரித் துண்டும் கொடுத்தால் போதும்.

கழிவைத் தின்னும் மீன் என்று ஒன்று கிடையாது. கோரிடோரஸ் மணலைக் கிளறுவது புழுவும் தீனியும் தேடி. மற்ற மீன் மிச்சம் வைத்ததை அது தின்னட்டும் என்று விட்டுவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வயிறு ஒட்டிச் சாகும், இப்படிச் செத்தவை ஏராளம். விளக்கை அணைத்த பிறகு அடியில் மூழ்கும் தீனியைத் தனியாகப் போடுங்கள். தரையில் கூரான ஜல்லி வேண்டாம், மென்மையான மணல் போடுங்கள். நல்ல மணலில் கோரிடோரஸ் கண் வரைக்கும் முகத்தைப் புதைத்து, வாயில் அள்ளிய மணலைச் செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும். முரட்டு ஜல்லியும் அழுக்கான தரையும் சேர்ந்தால் அந்தச் சின்ன மீசைகள் தேய்ந்தே போய்விடும்.

மேலே பாய்வது நோய் இல்லை. அது காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் மூச்சு வாங்கும் மீன். விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் இறங்கிவிடும். எல்லாம் சேர்ந்து ஓயாமல் மேலே போய்க்கொண்டிருந்தால் மட்டும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, அம்மோனியா ஏறியிருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

கேள்வி: தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் ஃபில்டர் ஓட்டிவிட்டு 15 சாது மீன்களை விட்டேன். ஒரு வாரத்தில் 6 செத்துவிட்டன. கடிபட்ட காயம் இல்லை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீன் விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவர்மேல் தப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. கண்ணாடி மாதிரித் தெரிந்த அந்தத் தண்ணீர்தான் கொன்றிருக்கும்.

மீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றும், மிச்சத் தீனி அழுகியும் அம்மோனியா வரும். அது விஷம், நிறமும் கிடையாது. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அந்த நைட்ரேட் ஓரளவுக்கு மீனை ஒன்றும் செய்யாது, வாரா வாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டு நாள் வெறும் தண்ணீரில் ஃபில்டர் ஓடியதால் எதுவும் வளர்ந்திருக்காது, வளர அதற்கு அம்மோனியாதானே தீனி. அதனால்தான் மீன் விடுவதற்கு முன்பே துளித்துளியாக அம்மோனியா சேர்த்தோ, தீனியைப் போட்டு அழுக விட்டோ தொட்டியைப் பழக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நோயில்லாத தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்து அதை உங்கள் ஃபில்டரில் வைத்தால் வேலை பாதியாகக் குறையும்.

இப்போது உள்ளே 9 மீன் இருக்கிறது, அதைக் காப்பாற்றுவோம். தண்ணீரைச் சோதிக்கும் கிட் ஒன்று வாங்குங்கள், அடுத்த மீன் வாங்கும் பணத்தில் அதை வாங்குங்கள் என்றே சொல்வேன். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் அன்றன்று மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தீனியை நாளுக்கு ஒரு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. இரண்டும் பூச்சியம் என்று தொடர்ந்து ஒரு வாரம் வரும்வரை புது மீன் ஒன்றுகூட வேண்டாம்.

மாற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கி கலக்க மறக்காதீர்கள். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், ஆனால் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) கலந்த தண்ணீராக இருந்தால் வைத்திருப்பதால் போகாது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவுகிறவர்கள் நிறையப் பேர், ஆறு வாரம் வளர்ந்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போயிற்று. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அதில் லேசாகப் பிழிந்தால் போதும். மாதம் ஒரு முறை மீனையெல்லாம் பிடித்து வெளியே போட்டு, தொட்டியைக் காலி செய்து கழுவுவதையும் நிறுத்துங்கள், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் ஆண்டுக்கணக்கில் அந்தத் தேவையே வராது.

கேள்வி: அமைதியாக இருந்த தொட்டியில் புதிதாக 4 மீன் விட்டேன். பத்தாம் நாள் எல்லா மீன் மேலும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. இனி புது மீனே வாங்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வாங்கலாம், நேராகத் தொட்டியில் விடாமல் இருந்தால் சரி. அது வெண்புள்ளி நோய், இக் என்பார்கள். மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது அந்த ஒட்டுண்ணியை மருந்து தொடாது. உதிர்ந்து, தரையில் பெருகி, மீண்டும் தண்ணீரில் நீந்தி வரும் அந்தக் கட்டத்தில்தான் மருந்து பிடிக்கும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் பாக்கெட்டில் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். வெப்பத்தை ஒரு டிகிரி ஒரு டிகிரியாக 28, 29 வரை ஏற்றினால் அந்தச் சுழற்சி வேகமாகி மருந்து சீக்கிரம் வேலை செய்யும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கோரிடோரஸும் டெட்ராவும் மருந்துக்குச் சட்டென்று வாடும் மீன்கள், அவற்றுக்கென்று குறைந்த அளவு பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்த முறை ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இவ்வளவு இருந்தால் போதும். புது மீனை அதில் மூன்று வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டியில் விடுங்கள்.

கேள்வி: எந்த மீனை முதலில் விட வேண்டும்? புதிதாக வருவதைப் பழைய மீன்கள் துரத்துகின்றனவே.

பதில்: கூச்சமுள்ள கூட்ட மீன்கள் முதலில், அடிமட்டத்து மீன்கள் அடுத்து, கௌராமி மாதிரி இடம் பிடிக்கும் மீன் கடைசியில். முதலில் வந்தது முழுத் தொட்டியும் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும், அதனால்தான் இந்த வரிசை. ஏற்கெனவே ஒன்று அப்படி முடிவு செய்திருந்தால், புது மீனை விடும் அன்று கற்களையும் மரத்துண்டையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை அழிந்துபோய் எல்லாருமே புதிதாக இடம் தேடுவார்கள்.

மீன் வந்த பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றுங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.